கடவுளை ஏன் நம்புகிறார்கள்? யாழ்ப்பாணத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அறநெறி வகுப்பு, கோயில் மடம், செத்தவீட்டு முற்றம் என்று இடம்தான் மாறுகிறது, சந்தேகங்கள் அதேதான். கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். பதில்கள் பெரும்பாலும் சைவசித்தாந்தத்தை ஒட்டியவை. மறுப்பு பலமாக இருக்கும் இடத்தில் அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம். முதல் கேள்வியின் பதிலைத் தாண்டிப் போகவேண்டாம். பின்னால் வருகிறவை அதில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

கடவுளை நம்பிற ஆக்கள் ஏன் நம்பினம்? ஒரு வரியில சொல்லுங்கோவன்.

ஒரு வரியில் சொன்னால் பிழைத்துவிடும், இதற்குள் மூன்று கேள்விகள் கிடக்கின்றன. அந்த நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து வந்தது? அது சரி என்று காட்ட அவரிடம் என்ன நியாயம் இருக்கிறது? இத்தனை அடி விழுந்த பிறகும் ஏன் அதை விடாமல் இருக்கிறார்? முதலாவதை வரவு என்றும், இரண்டாவதை நியாயம் என்றும், மூன்றாவதைப் பிடிப்பு என்றும் கீழே சொல்லிக்கொண்டு போகிறோம்.

அம்மம்மாவைக் கேட்டால் "அப்பு ஆச்சி கும்பிட்ட சாமி, நானும் கும்பிடுறன்" என்பார். அது வரவு. சித்தாந்தம் படித்த ஒருவர் "உலகம் ஒரு காரியம், காரியத்துக்கு ஒரு கருத்தா வேணும்" என்பார். அது நியாயம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் "அவரையும் விட்டா எனக்கு ஆர்?" என்பார். அது பிடிப்பு. வீட்டில் சண்டை வருவது எப்படியென்றால், மகன் நியாயத்தைக் கேட்கிறான், தாய் பிடிப்பைச் சொல்கிறார். அவன் "இது பதிலே இல்லை" என்கிறான், அவர் "இவனுக்கு ஈரமில்லை" என்கிறார். இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்கு நிற்கிறார்கள்.

சைவ வீட்டில பிறந்தபடியால்தானே நம்பிறம்? பாசையூரில பிறந்திருந்தா அந்தோனியாரைத்தானே கும்பிட்டிருப்பம்?

பெரும்பாலும் ஆம். வரவைப் பொறுத்தவரை இதை மறுக்க ஒன்றுமில்லை. பிள்ளை சொல்லைக் கேட்டு நம்புவதைவிட, பெரியவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று பார்த்து நம்புவதுதான் கூட. நல்லூர்த் திருவிழா 25 நாளும் விடியமுன் வெளிவீதி மணலில் ஆண்கள் பிரதட்டை செய்வதைப் பாருங்கள். வேட்டி நனைந்து, முதுகெல்லாம் மண் ஒட்டி, கைகளைத் தலைக்கு மேல் கூப்பியபடி உருண்டு வருகிறார் ஒருவர். பக்கத்தில் இன்னொருவர் நடந்து வழி திருப்பிவிடுகிறார். தகப்பனை அந்தக் கோலத்தில் கண்ட ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் கிடந்து ஏழாம் நாள் பாரணை பண்ணும் தாயும் அப்படித்தான். ஜோசப் ஹென்ரிக் என்ற மானிடவியலாளர் 2009இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்: வாயால் சொல்வது மலிவு, உடம்பால் செய்து காட்டுவது விலை கூடியது, ஆகவே பிள்ளைகள் பின்னதை நம்புகிறார்கள்.

ஆனால் பிறப்பால் வந்தது என்பதனால் ஒன்று பொய்யாகிவிடாது. பெருக்கல் வாய்ப்பாடும் பள்ளிக்கூடத்தில் பிறர் சொல்லி வந்ததுதான். இந்த உதாரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவேண்டாம், இதிலும் ஓட்டை உண்டு: வாய்ப்பாடு எல்லா ஊரிலும் ஒன்று, சாமி ஊருக்கு ஊர் வேறு. அதனால்தான் நியாயத்தைத் தனியாகப் பார்க்கவேண்டியிருக்கிறது.

"மேல ஒரு சக்தி இருக்கு" எண்டு பொதுவாச் சொல்லினம். சிவன் எண்டுறதும் அதுவும் ஒண்டோ?

இல்லை. கரண்ட் போல, காந்தம் போல ஒரு சக்தி என்று பலர் நினைக்கிறார்கள். சித்தாந்தம் பதி என்று சொல்லும் கடவுளுக்கு அறிவு உண்டு. ஒவ்வோர் உயிரையும் தெரியும். ஐந்து தொழில் செய்கிறார்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நடராச வடிவத்திலேயே இதை வாசிக்கலாம். உடுக்கை படைத்தல், அபயகரம் காத்தல், நெருப்பு அழித்தல், ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய கால் அருளல். சைவத்தில் "சத்தி" என்றால் அந்த அருள்தான், பௌதிகப் பாடத்துச் சக்தி இல்லை. "ஏதோ ஒரு சக்தி" என்று சொல்கிறவர் ஒருவருக்கும் நோகாமல் சொல்கிறார். ஆனால் அப்படிப்பட்ட ஒன்றைக் கும்பிடுவதற்கும் ஒரு காரணம் இல்லை.

கண்ணால காணாத ஒண்டை எப்பிடி நம்பிறது?

அறியும் வழிகளைச் சைவர் அளவை என்பர். எத்தனை அளவை என்று எண்ணுவதில் மதத்துக்கு மதம் வேறுபாடு உண்டு. சித்தாந்தம் எல்லாவற்றையும் மூன்றுக்குள் அடக்கும்: காட்சி, கருதல், உரை. கண்டு அறிவது, கண்டதை வைத்து ஊகித்து அறிவது, நம்பத்தகுந்தவர் சொல்லி அறிவது. காணாததை நம்பக்கூடாது என்றால், உங்கள் பூட்டனார் இருந்தார் என்பதையும் நம்பக்கூடாது.

கருதலில் பிழை விடுவது எப்படி என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். வேலிக்கு அந்தப் பக்கம் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு என்கிறோம். புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதை ஆயிரம் தரம் அடுப்படியில் கண்டதால் அது பலமான ஊகம். ஆனால் மார்கழி விடியலில் தோட்டத்தின் மேலே நிற்பது பனிமூட்டமாக இருக்கலாம். அப்போது ஊகம் பிழைப்பது, "புகை" என்று எடுத்ததே புகையில்லை என்பதால். கடவுளைப் பற்றிய எந்த ஊகத்தையும் சோதிக்கும்போது இரண்டு இடத்தைத் தட்டிப் பாருங்கள்: எடுத்துக்கொண்ட அடையாளம் சரியா, அந்த அடையாளத்துக்கும் முடிவுக்கும் உள்ள தொடுப்பு எப்போதும் நிற்கிறதா.

சரி, அந்தக் கருதலை வைச்சுக் கடவுள் இருக்கிறார் எண்டு காட்டுங்கோ பாப்பம்.

மெய்கண்டதேவர் 13ஆம் நூற்றாண்டில் செய்த சிவஞானபோதம் 12 சூத்திரங்கள் கொண்டது. முதற் சூத்திரமே இந்த வேலையைத்தான் செய்கிறது. படிப்படியாக வைத்தால் இப்படி வரும். உலகம் அவன், அவள், அது என்று சுட்டிக் காட்டக்கூடிய பகுதிகளாலானது. அந்தப் பகுதிகள் ஒவ்வொன்றும் தோன்றி, நின்று, அழிவதைக் காண்கிறோம். ஆகவே அவற்றாலான முழுதும் தோன்றி நின்று அழிவது. தோன்றும் பொருள் தானாகத் தோன்றாது. அறிவற்றது தன்னைத் தானே ஒழுங்குபண்ணாது. எனவே அதை ஒடுக்கி மீண்டும் தோற்றுவிக்கும் அறிவுள்ள ஒருவர் வேண்டும்.

இதற்கு வழக்கமாகக் காட்டுவது குயவன். பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகத்துக்கு மாயை என்ற அறிவற்ற மூலப்பொருள் மண், சிவசத்தி சக்கரம், சிவன் குயவன். கவனிக்கவேண்டிய இடம் இது: சைவத்தில் கடவுள் ஒன்றுமில்லாமையிலிருந்து உலகைப் படைக்கவில்லை. மண் ஏற்கனவே இருக்கிறது. இல்லாதது தோன்றாது என்பது சற்காரியவாதம். கிறிஸ்தவரோடு பேசும்போது இந்த வேறுபாட்டை மறந்தால் இருவரும் ஒருவரையொருவர் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள்.

எங்கே இது தளம்பும்? இரண்டு இடத்தில். பகுதிக்கு உள்ள குணம் முழுதுக்கும் இருக்கவேண்டும் என்பது எப்போதும் சரிவராது; ஒவ்வொரு செங்கல்லும் இலேசு என்பதால் மதில் இலேசாகாது. அடுத்தது, பானை வனையப்படுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம்; உலகம் ஒன்று உண்டாவதை ஒருமுறையும் கண்டதில்லை. அடுப்படிப் புகைபோல ஆயிரம் தரம் கண்ட தொடுப்பு இங்கே கிடையாது. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். 1802இல் வில்லியம் பேலி கைக்கடிகார உதாரணத்தைக் காட்டி, உயிர்களின் உறுப்பு நுட்பத்தை வைத்துக் கடவுளை நிறுவினார். 1859இல் டார்வின் அந்த நுட்பத்துக்கு வேறு விளக்கம் கொடுத்ததும் அந்த வாதம் பலத்த அடி வாங்கியது. மெய்கண்டாரின் வாதம் உறுப்பு நுட்பத்தில் நிற்கவில்லை, தோற்றமும் ஒடுக்கமும் என்பதில் நிற்கிறது. டார்வினைக் காட்டி அதைத் தள்ளிவிட முடியாது. தள்ளுவதென்றால் மேலே சொன்ன இரண்டு ஓட்டையால்தான் தள்ளவேண்டும்.

எல்லாத்தையும் கடவுள் படைச்சா, கடவுளை ஆர் படைச்சது?

"எல்லாவற்றுக்கும் படைத்தவன் உண்டு" என்று யாராவது சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி அவரைக் கவிழ்த்துவிடும். முந்தின பதிலைத் திரும்பப் பாருங்கள்: தோன்றி அழிவதற்குத்தான் கருத்தா வேண்டும் என்று இருக்கிறது. பதி தோன்றாதவர், அழியாதவர். அவருக்குக் கருத்தா தேடுவது, நல்லூர்த் தேருக்கு வடம் வேண்டும் என்பதால் தேர்முட்டிக்கும் வடம் எங்கே என்று கேட்பது போல.

"அப்படியானால் உலகமே தோன்றாதது, எப்போதும் இருப்பது என்று வைத்துவிட்டால் என்ன?" என்பது அடுத்த கேள்வி. அது நல்ல கேள்வி. வேதச் சடங்கையே முதன்மையாகக் கொண்ட மீமாஞ்சகர் அப்படித்தான் வைத்தார்கள். சைவரும் பதியை மட்டும் அநாதி என்று சொல்வதில்லை. பசுவும் (உயிர்) பாசமும் (உயிரைக் கட்டும் தளை) அநாதி, தொடக்கமில்லாதவை, என்கிறார் திருமூலர். உயிரை எவரும் படைக்கவில்லை. ஆகவே சைவருக்கும் உலகம் எப்போதும் இருப்பது என்பவருக்கும் சண்டை "ஆர் படைச்சது" என்பதில் இல்லை. அறிவற்ற மாயை தானாக உலகமாக விரியுமா, ஒருவர் விரிக்கவேண்டுமா என்பதில்தான்.

வினைதானே எல்லாத்தையும் தருகுது. நடுவில கடவுள் எதுக்கு?

பழைய கேள்வி. மீமாஞ்சகர், நிரீச்சுர சாங்கியர் (கடவுளை வைக்காத சாங்கியர்), சமணர், பௌத்தர் எல்லோரும் வினையை ஏற்றார்கள், வினைப்பயனைக் கொடுக்கும் கடவுளை ஏற்கவில்லை. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் பிற மதங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில், கண்ணால் கண்டதை மட்டும் ஏற்கும் உலோகாயதன் தொடங்கி 14 மதத்தாரோடு வாதிடுகிறார், அதில் இவர்களும் வருகிறார்கள். கடவுள் மறுப்பு ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று கோயில் மடத்தில் சொல்கிறவர்கள் அந்தப் பட்டியலை ஒருதரம் பார்க்கலாம்.

சைவரின் பதில்: வினை சடம், அறிவற்றது. சந்திக் கடையில் கடன் கொப்பி இருக்கும். ஆர் எவ்வளவு சீனி, எவ்வளவு மா எடுத்தது என்று அதில் பிசகில்லாமல் எழுதியிருக்கும். ஆனால் கொப்பி எழுந்து வந்து படலையில் நின்று கடன் கேட்காது. கேட்க ஒரு முதலாளி வேண்டும், ஆருக்கு இப்போது கேட்கலாம், ஆருக்கு ஒரு மாசம் பொறுக்கலாம் என்று தெரிந்த முதலாளி. வினையைக் கூட்டி ஊட்டுகிறவர் என்று பதியைச் சொல்வது இதனால்தான். மறுப்பாளர் கேட்பார்: விதை போட்டால் முளைக்கிறதே, அதற்கு முதலாளி எங்கே? சித்தாந்தி, முளைப்பதற்கும் அந்த ஒழுங்கை வைத்தவர் வேண்டும் என்பார். அங்கே வாதம் மறுபடி முதற் சூத்திரத்துக்கே போய்விடுகிறது.

செல்லடியில, சுனாமியில குழந்தையள் செத்தது. அதுகும் வினையோ? அப்பிடிச் சொல்ல உங்களுக்கு வாய் வருதோ?

வரக்கூடாத இடங்கள் உண்டு. முதலில் கோட்பாட்டைச் சொல்கிறோம், பிறகு அதை எங்கே வாயில் எடுக்கக்கூடாது என்பதை.

வினை மூன்று: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது அனுபவிக்கும் பிராரத்தம், இப்போது புதிதாகச் செய்து ஏற்றும் ஆகாமியம். பலர் மறந்துவிடுவது மூன்றாவதை. குண்டு போட்டவன் செய்தது அவனுடைய புது வினை. அவன் ஒருவருடைய பழவினையைக் கழிக்க வந்த கருவி என்று தப்பிக்க முடியாது. "அதுகளின் விதி" என்று சொல்லிக் கொலையைக் கழுவிவிடுவதற்குச் சித்தாந்தத்தில் இடமில்லை. துன்பம் தண்டனை என்றுகூடச் சைவம் சொல்வதில்லை, மருந்து என்கிறது. செம்புக் குடத்தில் களிம்பு ஏறினால் பழப்புளி போட்டுத் தேய்க்கிறோம். தேய்ப்பது குடத்தின் மேலுள்ள கோபத்தால் இல்லை. உயிரின் அறிவை மறைக்கும் ஆணவம் என்ற அழுக்குத்தான் அந்தக் களிம்பு.

இனி மறுப்பு. எதற்கு இந்த மருந்து என்று நோயாளிக்கு நினைவே இல்லை. நினைவில்லாதவனுக்குக் கொடுக்கும் கசப்பு எப்படித் திருத்தும்? 2004 டிசெம்பர் 26 காலையில் மருதங்கேணியிலும் முல்லைத்தீவிலும் கடல் ஏறியபோது அத்தனை பேருக்கும் ஒரே நிமிடத்தில் ஒரே வினை பழுத்ததா? பழுத்தது என்றால், என்ன நடந்தாலும் அதே விடையைச் சொல்லலாம்; எதையும் விளக்கும் விடை எதையும் விளக்கியதாகாது. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாளில், தேவாலயங்கள் நிறைந்திருந்த நேரத்தில் லிஸ்பனில் பூமி அதிர்ந்தது. ஐரோப்பியக் கிறிஸ்தவரும் அன்றிலிருந்து இதே சிக்கலில் நிற்கிறார்கள். நம்புகிறவர் பக்கத்தில் மிகவும் மெல்லிய சுவர் இதுதான். அதை மறைத்துப் பேசினால் கேட்டவன் மற்றவற்றையும் நம்பமாட்டான்.

செத்தவீட்டில் என்ன செய்வது? விளக்கம் சொல்லவேண்டாம். விவிலியத்தில் யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் அவரோடு இருந்தார்கள், அதுவரை சரி. வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் பிழைத்தார்கள், கடைசியில் கடவுளே அவர்களைக் கடிந்துகொள்கிறார். "விதி", "குடுத்து வைச்சது அவ்வளவுதான்", "கடவுளுக்குப் பிடிச்ச பிள்ளை" என்ற மூன்றையும் முற்றத்துக்கு வெளியே விட்டுவிட்டுப் போங்கள். எட்டுச்செலவுக்குச் சாமான் வாங்கிக் கொடுப்பது, 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்கு வான் பிடித்துக் கொடுப்பது, இவைதான் அங்கே உதவும். கிரியையில் கைக்கு வேலை இருக்கிறது, நாளுக்கு ஓர் எண் இருக்கிறது. பிடிப்பு என்று நாங்கள் சொன்னது அங்கேதான் வளர்கிறது.

பயத்திலதானே மனிசன் கடவுளை உண்டாக்கினவன்?

பயம் ஒரு பங்கு என்பதில் ஐயமில்லை. இரவில் பனங்காணி வழியே தனிய வரும்போது காவோலை சரசரத்தால் "ஆரது?" என்றுதான் வாயில் வரும், "என்னது?" என்று வராது. காவோலையை ஆள் என்று நினைத்தால் நட்டம் ஒரு திடுக்கிடல். ஆளைக் காவோலை என்று நினைத்தால் உயிர் போகலாம். ஆகவே ஆளை ஊகிக்கும் பக்கம் சரிந்த மூளை பிழைத்தது. டார்வின் 1871இல் தன் நாயைப் பற்றி எழுதியிருக்கிறார்: புல்வெளியில் விரித்து வைத்த குடை காற்றில் அசையும்போதெல்லாம், யாரோ அசைக்கிறார்கள் என்று எண்ணியதுபோல் அது உறுமியதாம். தகப்பனின் காவலுக்கு ஏங்கும் குழந்தை மனம்தான் கடவுளைக் கற்பிக்கிறது என்று 1927இல் ஃப்ராய்ட் எழுதினார்.

இவை எல்லாம் வரவைப் பற்றியவை. நியாயத்தை இவை தொடவில்லை. காவோலைச் சத்தத்துக்குப் பயந்தவன் பின்னால் உண்மையாகவே கள்ளன் நிற்கவும் கூடும். அதே அளவுக்கு, "எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் மனிதர் கும்பிட்டிருக்கிறார்கள், ஆகவே கடவுள் உண்டு" என்ற வாதமும் இதனால் மெலிந்துபோகிறது. எல்லோருக்கும் ஒரே மூளை, அதனால் எல்லோரும் ஒரே பக்கம் சரிந்திருக்கலாம்.

நேர்த்தி வைச்சன், அப்பிடியே நடந்தது. இதைவிடச் சாட்சி வேணுமோ?

ஒரு தாளை எடுத்து நாலாக மடியுங்கள். முதற் கட்டத்தில் நேர்த்தி வைத்து நடந்தவை. இரண்டில் வைத்தும் நடக்காதவை. மூன்றில் வைக்காமலே நடந்தவை. நாலில் வைக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. தெரிந்த ஆட்களின் உயர்தரப் பெறுபேறு, விசா, பிரசவம் என்று ஒரு விடயத்தை மட்டும் எடுத்து நிரப்புங்கள். எல்லாவற்றையும் கலந்தால் கணக்குக் குழம்பும். முதற் கட்டம் உடனே நிரம்பும். இரண்டாவதை நிரப்ப மினக்கெட வேண்டியிருக்கும். நடக்காத நேர்த்தியை ஒருவரும் வெளியே சொல்வதில்லை, காவடியும் எடுப்பதில்லை. மூன்றாவது ஒருவர் மனதிலும் நிற்காது. நாலு கட்டமும் நிரம்பாமல் "நேர்த்தியால்தான் நடந்தது" என்று சொல்ல வழியில்லை.

கிரேக்கத்து நாத்திகர் டயாகொராஸைப் பற்றிச் சிசரோ சொல்லும் கதை இதற்குப் பொருந்தும். கடற்புயலில் நேர்ந்து தப்பியவர்கள் கோயிலில் வைத்த படங்களை ஒருவர் அவருக்குக் காட்டினாராம். மூழ்கியவர்களின் படம் ஒன்றும் இங்கே இல்லையே என்றாராம் அவர்.

இதைச் சொன்னதும் நேர்த்தியே வீண் என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது வேறு கணக்கு. நேர்த்தியைச் சாமியோடு செய்யும் பேரம் என்று எடுத்தால், நடக்காதபோது கோபமும் நடந்தபோது கடன் பயமும்தான் மிஞ்சும். "இது என் கையில் இல்லை" என்று ஒருவர் தனக்குத் தானே ஒப்புக்கொள்ளும் வழி என்று எடுத்தால் அதற்கு வேறு மதிப்பு. நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபா. அந்தக் காசுக்கு விசா வாங்கித் தரும் ஏசென்சி உலகத்தில் இல்லை. ஆகவே அது கூலியாக இருக்க முடியாது.

ஆஸ்பத்திரியில கிடக்கிற ஆளுக்காக நாங்கள் மன்றாடினா சுகம் வருமோ? ஆராய்ச்சி ஏதும் இருக்கோ?

இருக்கிறது. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இருதய பைபாஸ் சத்திரசிகிச்சை செய்த 1,802 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். முடிவு 2006இல் வெளிவந்தது. தனக்காக வேண்டுகிறார்களா என்று தெரியாமல் வேண்டப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்குச் சிக்கல் வந்தது. தெரியாமலும் வேண்டப்படாமலும் இருந்தவர்களில் 51 சதவீதம். வேண்டுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதம். அந்தக் கூடுதலுக்குக் காரணம் நிறுவப்படவில்லை, "கும்பிடும் அளவுக்கா என் நிலை மோசம்?" என்ற பதற்றமாக இருக்கலாம் என்பது ஓர் ஊகம்.

கடவுள் பரிசோதனைக்கு உட்படமாட்டார் என்று நம்புகிறவர் சொல்லலாம். சொல்லட்டும், ஆனால் அப்படிச் சொல்கிறவர் முந்தின கேள்வியின் முதற் கட்டத்தையும் சாட்சியாகக் காட்டக்கூடாது. நோயாளியின் கட்டிலடியில் நின்று சத்தமாகத் தேவாரம் பாட நினைக்கிறவர்கள் அவருக்கு விருப்பமா என்று ஒருதரம் கேட்டுவிட்டுப் பாடினால் நல்லது.

பிள்ளையார் பால் குடிச்சதை எங்கட கண்ணாலயே கண்டது. அதுக்கு என்ன சொல்லுறியள்?

1995 செப்டெம்பர் 21, டெல்லியில் தொடங்கி ஒரு நாளுக்குள் உலகம் முழுக்கப் பரவியது. கண்டது உண்மை, பால் கரண்டியிலிருந்து குறைந்ததும் உண்மை. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கரண்டியை விளிம்பு வரை நிரப்பி, சிலையின் தும்பிக்கை நுனியில் பால் முட்டும்படி பிடியுங்கள். பரப்பிழுவிசையால் பால் நுனியில் ஒட்டும். கை கொஞ்சம் சரிந்தாலே மெல்லிய படையாகச் சிலையின் முன்புறத்தால் வழிந்துவிடும். வெள்ளைக் கல்லில் வெள்ளைப் பால் தெரியாது. பாலுக்குள் கொஞ்சம் நிறம் கலந்துவிட்டால் வழிகிற பாதை பளிச்சென்று தெரியும். அப்போது இந்திய விஞ்ஞானிகள் அப்படித்தான் காட்டினார்கள். சுட்ட மண் சிலையென்றால் கொஞ்சத்தை உறிஞ்சியும்விடும்.

அற்புதங்கள் என்றதும் டொக்டர் கோவூரின் பெயர் வரும். கேரளத்தில் பிறந்து 1928இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவர். ஏமாற்ற முடியாத ஏற்பாட்டில் அமானுஷ்ய சக்தியைக் காட்டுகிறவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை ஒருவரும் வெல்லவில்லை. அந்தச் சவால் சாமியாடிக்கும் சாத்திரக்காரனுக்கும் சரியான அடி. மெய்கண்டாருக்கு அடி இல்லை. அவருடைய வாதத்தில் அற்புதம் ஒன்றும் இல்லை. அற்புதத்தில் நம்பிக்கையைக் கட்டினவருக்குக் கரண்டிப் பாலோடு எல்லாம் வழிந்துபோகும்.

பெரிய பெரிய விஞ்ஞானியளே கடவுளை நம்பினவைதானே?

சிலர் நம்பினார்கள், சிலர் நம்பவில்லை. பெயர்ப் பட்டியல் இரண்டு பக்கத்துக்கும் நீளும், ஒன்றையும் நிறுவாது. ஒரு பெயரை மட்டும் சொல்லலாம். பிரபஞ்சம் விரிகிறது, ஒரு தொடக்கத்திலிருந்து விரிந்தது என்று முதலில் சொன்னவர்களில் ஒருவரான ஜோர்ஜ் லெமெய்த்ர் கத்தோலிக்கக் குரு. 1951இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அந்தக் கண்டுபிடிப்பைப் படைப்புக்கு ஆதரவாகப் பேசியபோது அது லெமெய்த்ருக்குப் பிடிக்கவில்லை. தன் கோட்பாடு கடவுளுக்குச் சாட்சியும் இல்லை, எதிரும் இல்லை என்பது அவர் நிலை. சைவ மேடைகளில் நடராசரையும் அணுவையும் முடிச்சுப்போடுகிறவர்கள் அந்தக் குருவானவரிடம் கொஞ்சம் அடக்கம் கடன் வாங்கலாம்.

கடவுளை நம்பாட்டி ஒழுக்கம் கெட்டுப்போகும் எண்டு சொல்லினமே?

புத்தர் படைப்புக் கடவுளை வைக்காமலே ஐந்து சீலம் வைத்தார். சமணரும் அப்படியே. ஒழுக்கம் கெடாது. இந்த வாதத்தை விட்டுவிடுங்கள். கெட்டுப்போன பக்தர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருப்பதால் இது பேசுகிறவர் பக்கமே திரும்பிவரும்.

சைவநெறிப் பாடத்தில ஏ எடுத்தன், ஆனா நம்பிக்கை வரேல்லை. வீட்டில பூசைக்கு நிக்கிறது பொய்யில்லையோ?

சோதனைத் தாள் கேட்பது பெயரும் எண்ணும். உங்கள் நம்பிக்கையை அது கேட்கவில்லை. ஏ எடுத்ததில் பிழையும் இல்லை, பொய்யும் இல்லை.

சைவம் வழியை நாலாக வைக்கிறது: சரியை, கிரியை, யோகம், ஞானம். முதற்படி சரியை, கோயில் கூட்டுவது, பூ எடுப்பது, மாலை கட்டுவது, விளக்குத் துடைப்பது. அதற்கு உறுதியான நம்பிக்கை முன்நிபந்தனை இல்லை, விளக்குமாறு போதும். அறிவு கடைசியில் வருகிறது. "முதலில் நிரூபி, பிறகு கும்பிடுகிறேன்" என்ற ஒழுங்கு சைவத்துக்குப் பழக்கமில்லாதது. ஆகவே தாயின் மனம் நோகாமல் பூசைக்கு நிற்பது நடிப்பு ஆகாது. நம்புகிறேன் என்று வாயால் சொல்லாதவரை நீங்கள் பொய் சொல்லவில்லை. அதைக் கட்டாயப்படுத்திக் கேட்கும் பெற்றோருக்கு ஒரு சொல்: பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அப்படிக் கேட்டால் பொய்தான் கிடைக்கும்.

சின்னப்பிள்ளை "சாமி எங்க இருக்கிறார்?" எண்டு கேட்டா என்ன சொல்லுறது?

ஆறுமுக நாவலர் சைவ வினாவிடையைச் சின்னக் கேள்வி, சின்னப் பதில் என்று எழுதியது இதற்காகவே. இரண்டு வரிக்கு மேல் பிள்ளை கேட்காது. "எங்கட கண்ணுக்குத் தெரியாமல் எல்லா இடத்திலயும் இருக்கிறார் எண்டு நாங்கள் நம்பிறம்" என்று சொல்லுங்கள். "நாங்கள் நம்பிறம்" என்ற முடிவை விடவேண்டாம், பின்னாளில் பிள்ளை உங்களைப் பொய்யர் என்று நினைக்காமல் இருக்க அது உதவும். "சாமி கண்ணைக் குத்தும்" என்பதைச் சொல்லவே கூடாது. குத்தாது என்பதை ஏழு வயதுக்குள் பிள்ளை சோதித்துப் பார்த்துவிடும். அன்றைக்கே உங்கள் சொல்லுக்கு மதிப்புக் குறையும்.

யோகர் சுவாமியே "நாம் அறியோம்" எண்டு சொன்னவர். அப்ப நம்பிற ஆக்களுக்கும் தெரியாதோ?

கொழும்புத்துறையில் இருந்த யோகர் சுவாமி (1872–1964) அடிக்கடி சொன்ன நாலு வாக்கியங்களில் அது ஒன்று. கை விரித்துவிட்டார் என்று அதை எடுக்கக்கூடாது. சிவஞானபோதத்தின் ஆறாம் சூத்திரம் இதே முடிச்சைத்தான் அவிழ்க்கிறது. சுட்டி அறியக்கூடிய பொருள் எல்லாம் மாறி அழிவது. கடவுள் அப்படி அறியப்பட்டால் அவரும் அழிபொருள் ஆவார். எவ்வகையாலும் அறியப்படாதது என்றால் முயற்கொம்பு போல இல்பொருள். இரண்டு பக்கமும் அடைபடுகிறது. சித்தாந்தி எடுக்கும் வழி: உயிர் தன் அறிவால் அவரைச் சுட்டி அறியாது, அவர் அருளால் அறியும். கண் தானாகச் சூரியனைக் காண்பதில்லை, சூரியன் தரும் ஒளியால்தான் சூரியனைக் காண்கிறது.

இது நியாயமா, பிடிப்பா என்று கேட்டால், இரண்டும் முட்டுகிற இடம். அருள் கிடைத்தவருக்குச் சாட்சி வேண்டியதில்லை, கிடைக்காதவருக்கு அவர் சாட்சி காட்டவும் முடியாது. ஆகவே வாதத்தில் இதை ஆயுதமாக எடுக்கவேண்டாம். எதிரில் இருப்பவர் "எனக்குக் கிடைக்கேல்லை" என்றால் அதோடு பேச்சு நின்றுவிடும், நிற்பதுதான் முறை.